எடை குறையக் குறைய

என் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இரண்டு பழைய காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, 1981இல் மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நான் கட்டம் போட்டு எழுதிய அட்டவணை. முளைகட்டிய தட்டைப்பயறிலிருந்து ஆல்ஃபா காலக்டோசிடேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்த கணக்கு. மற்றது, பாம்பனில் பாசி வாங்கும் வியாபாரி ஒருவர் என் அம்மாவுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டு. மொத்த எடை, மண் கழிவு, ஈரக் கழிவு, நின்ற எடை, ரூபாய்.

இரண்டிலும் வரிக்கு வரி எடை இறங்குகிறது. என் அட்டவணையில் புரதத்தின் எடை இறங்க இறங்க, மிஞ்சியதன் ஒவ்வொரு மில்லிகிராமிலும் நொதியின் வேலைத்திறன் ஏறும். கடைசி வரிக்குத்தான் பாராட்டு. அம்மாவின் சீட்டில் எடை இறங்கினால் கூடவே ரூபாயும் இறங்கும். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் இந்த இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் கரையின் பாசித் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு. நொதிகளைத் தூய்மையாக்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டும் காலக்டோஸ் என்ற ஒரே சர்க்கரையில் வந்து முட்டுகின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

பாசியை முதலில் தேடி வந்தவர்கள் வியாபாரிகள் இல்லை, தாவரவியல்காரர்கள். சென்னையின் பாசியியல் பேராசிரியர் எம். ஓ. பி. அய்யங்கார், பாம்பனுக்கு எதிரே இருக்கும் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் வந்தது. அதே பத்தாண்டின் கடைசியில் டென்மார்க்கிலிருந்து போர்கெசன் என்ற அறிஞர் தென்னிந்தியக் கரைக்கு வந்து பாசிகளைச் சேகரித்துப் போனார். அவர்களுக்கு அது பெயர் வைத்து உலர்த்தித் தாளில் ஒட்டும் பொருள்.

அதைக் காசாக்கும் யோசனை போரோடு வந்தது. கடற்பாசியைக் காய்ச்சி எடுக்கும் அகர் அதுவரை உலகத்துக்குப் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வழி அடைபட்டதும் நாட்டுக்கு நாடு தங்கள் கரையில் மாற்றுப் பாசி தேடினார்கள். இந்தியாவிலும் 1940களில் கஞ்சிப்பாசியிலிருந்து அகர் காய்ச்சிப் பார்த்தார்கள். 1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இரண்டு வருடத்தில் மண்டபத்துக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்களை நிறுத்திவைத்துப் பரிசோதித்த முகாம் இருந்த அதே மண்டபம். ஊருக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். 1950களின் தொடக்கத்தில் ஃப்ரான்செஸ்கா திவி என்ற பெண் விஞ்ஞானி இந்தியப் பாசிகளின் அகரை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். எங்கள் கரைப் பாசியைப் படித்த முன்னோடிகளில் ஒரு பெண் உண்டு என்பதைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வியாபாரத்துக்காகப் பாசி எடுப்பது இங்கே 1966 முதல் நடக்கிறது என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்லும். அம்மா கணக்கில் அது ‘பொயலுக்கு ரெண்டாம் வருசம்’. இரண்டும் ஒரே கணக்குதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்த புயல், ரயிலையும் பாம்பன் பாலத்தையும் கொண்டுபோன புயல், எங்கள் வீட்டில் அப்பாவின் வத்தைப் படகைக் கொண்டுபோனது. அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா அடுத்தவர் வல்லத்தில் கூலிக்குப் போனார். அம்மா தீவுப் பக்கம் பாசிக்குப் போகும் பெண்களோடு சேர்ந்துகொண்டாள்.

பாசி எடுப்பது கரையோரம் நின்று பொறுக்குகிற வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வத்தையில் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்குப் போய், இடுப்பளவோ கழுத்தளவோ தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையைத் தடவி எடுக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி. விரல் ஒவ்வொன்றிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார்கள். சுற்றாவிட்டால் பாறை தோலை உரித்துவிடும். இடுப்பில் வலைப்பை. கடல் வத்துகிற நேரம்தான் வேலை நேரம். அது விடியலிலும் வரும், உச்சி வெயிலிலும் வரும்.

மரிக்கொழுந்து என்றால் உங்களுக்குப் பூக்கடை நினைவு வரும். எங்களுக்கு அது பாறையில் குட்டையாக, கறுஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும் பாசி. விஞ்ஞானத்தில் ஜெலிடியெல்லா அசெரோசா. அகருக்கு அதுதான் உயர்ந்த ரகம், விலையும் அதற்குத்தான். அடுத்தது கஞ்சிப்பாசி, கிராசிலேரியா எடுலிஸ். நூல் நூலாக நீளமாக வளரும். கஞ்சிபோலக் காய்ச்சிக் குடிக்கலாம். கட்டக்கோரை பழுப்பு நிறம். அதில் அகர் கிடையாது, ஆல்ஜின் எடுக்கப் போகும். மூன்றும் ஒரே பையில் கலந்து வரும். கரையில் கொட்டி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் உட்கார்வேன். சிப்பித் துண்டு ஒரு பக்கம், கட்டக்கோரை ஒரு பக்கம், மரிக்கொழுந்து மடியில். பின்னாளில் நான் படித்த எந்தப் பிரித்தெடுக்கும் முறையும் அந்தக் கைகளின் வேகத்துக்கு ஈடில்லை.

அம்மா அப்போது சொன்ன கணக்கு இது: “நல்லா அலசிக் காயவச்சுக் கொண்டுபோனா எடை நிக்காது. மண்ணோட கொண்டுபோனா கழிவு வெட்டுவாக. எங்கிட்டுப் போனாலும் நட்டம் நமக்குத்தேன்.”

உலர்ந்த பாசி லாரியில் மதுரைக்குப் போகும். அகர் காய்ச்சும் சிறு தொழிற்கூடங்கள் அங்கேதான் இருந்தன. கழுவி, ஊறவைத்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி ஆறவிட்டால் கட்டியாக உறையும். அதிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றுவதுதான் பெரிய வேலை. அதற்கான வழியை 17ஆம் நூற்றாண்டில் கியோட்டோ பக்கத்து விடுதிக்காரர் மினோயா தாரோசாயேமோன் தற்செயலாகக் கண்டார் என்று ஜப்பானில் ஒரு கதை சொல்வார்கள். மிஞ்சிய பாசிக் களியைக் குளிர்கால இரவில் வெளியே வீசினாராம். இரவில் உறைந்து, பகலில் உருகி, தண்ணீர் வடிந்து, சில நாளில் சருகாகக் கிடந்ததாம். கதை எப்படியோ, முறை இன்றும் அதுதான். உறைந்து உருகும்போது தண்ணீர் தன்னில் கரைந்த உப்பையும் நிறத்தையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். மதுரையில் பனி விழாது என்பதால் குளிர்பதன அறை தேவைப்பட்டது, அவ்வளவுதான். அகர் மட்டும் பின்தங்கும். பாசியின் எடை பெரும்பாலும் போய்விட்டிருக்கும். இந்த முறை எடை குறைந்ததால் விலை ஏறியிருக்கும்.

அந்த அகரின் ஒரு பகுதி இனிப்புக்குப் போகும். கீழக்கரையிலும் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் நோன்பு காலத்தில் பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் உறையவைத்துத் துண்டு போடும் ‘கடல்பாசி’ இதுதான். பத்துக் கிண்ணம் தின்றாலும் அதிலிருக்கும் அகர் உடம்பில் ஒட்டாது. அது ஏன் என்று கேட்டுத்தான் நான் உயிர்வேதியியலுக்குள் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அகர் முழுக்க முழுக்கச் சர்க்கரைச் சங்கிலி. காலக்டோஸ் ஒன்று, அதற்கு அடுத்து தண்ணீர் இழந்து உருமாறிய இன்னொரு காலக்டோஸ், மறுபடி முதலாவது என்று மாறி மாறிக் கோத்த மணிமாலை. இதே காலக்டோஸ் பாலிலும் இருக்கிறது. பால் சர்க்கரையான லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் காலக்டோஸும் கைகோத்த ஜோடி. பயறு, மொச்சை, கடலையிலும் இருக்கிறது, ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற பெயர்களில்.

இந்தப் பிணைப்புகளை வெட்டும் நொதிகள்தான் காலக்டோசிடேஸ்கள். பாலில் இருப்பது பீட்டா பிணைப்பு. கைக்குழந்தையின் குடலில் அதை வெட்டும் லாக்டேஸ் நிறையச் சுரக்கும். வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் மோர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், உறை ஊற்றிய பாக்டீரியா தன் பீட்டா காலக்டோசிடேஸால் பாதி வேலையை முடித்துவைத்திருப்பதுதான். பயறில் இருப்பது ஆல்ஃபா பிணைப்பு. அதை வெட்டும் நொதி நம் குடலில் சுரப்பதே இல்லை. அது பெருங்குடல்வரை போய் அங்கிருக்கும் கிருமிகளுக்கு விருந்தாகும். வயிற்று உப்புசம் அந்த விருந்தின் புகை. எங்கள் அப்பத்தா மொச்சையை இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வேகவைப்பாள். அந்தத் தண்ணீரோடு ஸ்டாக்கியோஸில் ஒரு பங்கு போய்விடுகிறது. முளைகட்டினால் விதையே தன் ஆல்ஃபா காலக்டோசிடேஸைக் கொண்டு மீதியை வெட்டித் தின்றுவிடும்.

அகர் இந்த இரண்டுக்கும் மசியாது. பீட்டா காலக்டோசிடேஸ் சங்கிலியின் நுனியில் இருக்கும் காலக்டோஸைக் கிள்ளும் நொதி, நடுவில் கை வைக்காது. அகர்ச் சங்கிலிகளோ நீண்டு, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடப்பவை. அவற்றை நடுவில் வெட்ட அகரேஸ் என்ற வேறு கத்தி வேண்டும். அகரைக் கரைக்கும் கடல் பாக்டீரியாவை நார்வேக்காரர் கிரான் 1902இலேயே விவரித்தார். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது: கடற்பாசியைத் தலைமுறை தலைமுறையாகத் தின்ற ஜப்பானியரின் குடல் பாக்டீரியாக்கள், பாசியை வெட்டும் மரபணுக்களைக் கடல் பாக்டீரியாவிடமிருந்து வாங்கி வைத்திருக்கின்றன.

பெரும்பாலான கிருமிகளுக்கு அகரைத் தின்னத் தெரியாது என்பதுதான் அதன் அதிர்ஷ்டம். 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸ என்பவர், கிருமி வளர்க்கும் ஜெலாட்டின் கோடை வெயிலில் உருகுகிறது, கிருமிகளே அதைக் கரைத்தும் விடுகின்றன என்று திண்டாடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃபேனி வீட்டில் பழக்கூழ் உறையவைக்க அகர் பயன்படுத்துபவர். அதையே போட்டுப் பாருங்கள் என்றார். அகர் உருக 85 டிகிரி வேண்டும், மறுபடி உறைய 40க்குக் கீழே இறங்க வேண்டும். உடல் சூட்டில் அப்படியே நிற்கும். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிய கோக்கின் கட்டுரையில் அகர் வந்துவிட்டது, ஃபேனியின் பெயர் வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதனால் காசும் வரவில்லை.

இனி என் அட்டவணைக்கு வருகிறேன். தட்டைப்பயறை முளைகட்டி, குளிர்ந்த கரைசலில் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் கலங்கலாக ஒரு சாறு வரும். அதற்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள். முதல் படி அம்மோனியம் சல்பேட். எங்கள் ஊர் வயல்களில் மூட்டை மூட்டையாகப் போட்ட உரம்தான், ஆய்வகத்தில் சுத்தமான ரகம். உப்பு ஏற ஏறப் புரதங்கள் ஒவ்வொரு கட்டத்தில் தண்ணீரை விட்டுத் திரண்டு வீழும். நமக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் சுழற்றி எடுத்து, சவ்வுப் பையில் கட்டிக் கரைசலில் மிதக்கவிட்டால் உப்பு வெளியேறிவிடும். பிறகு மின்னேற்றத்தைப் பார்த்துப் பிரிக்கும் செல்லுலோஸ் தூண். எல்லாம் 4 டிகிரி குளிரறையில். மதுரை மே மாதத்தில் நான் ஸ்வெட்டர் போட்டு வேலை செய்தேன். நொதி எந்தக் குழாயில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. நைட்ரோஃபீனால் பூட்டிய காலக்டோஸில் ஒரு துளி விடவேண்டும். நொதி பூட்டை வெட்டினால், கார்பனேட் ஊற்றியதும் மஞ்சள் அடிக்கும்.

கடைசிப் படிக்குப் பேராசிரியர் பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு சீசாவை எடுத்துக் கொடுத்தார். வெளிநாட்டுச் சரக்கு, எழுதிக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வந்தது. ஊறிய ஜவ்வரிசியை இன்னும் பொடியாக்கினாற்போல வெள்ளை மணிகள். “அகரோஸ். பத்திரம், கழுவித் திரும்ப உபயோகிக்கணும். உங்க ஊர்ப் பாசிதாம்மா, மூலம்.”

அகரை அகரோஸ், அகரோபெக்டின் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் ஜப்பானியரான சோஜி அராக்கி, 1937இல். மின்னேற்றமில்லாத, வழவழப்பான பகுதிதான் அகரோஸ். 1960களின் தொடக்கத்தில் சுவீடனின் உப்சாலாவில் ஸ்டெல்லான் யெர்டேன் அதை எளிதாகப் பிரிக்கவும், மணிகளாக உருட்டவும் வழி கண்டார். 1967இல் அதே உப்சாலாவில் ஆக்ஸேன், பொராத், எர்ன்பாக் மூவரும் அந்த மணிகளில் வேறு மூலக்கூறுகளைப் பூட்டும் வேதியியலைத் தந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் குவாட்ரகாசஸ், வில்செக், அன்ஃபின்சென் அதைக் கொண்டு நொதிகளைத் தூண்டில் போட்டுப் பிடித்தார்கள்.

இதை மாணவர்களுக்கு நான் எப்போதும் தூண்டிலாகவே விளக்குவேன். 1971இல் ஸ்டீயர்ஸ், குவாட்ரகாசஸ், பொல்லார்ட் மூவரும் ஈ. கோலை பாக்டீரியாவின் பீட்டா காலக்டோசிடேஸைப் பிடிக்கப் போனார்கள். ஜாக்கோபும் மோனோவும் மரபணுக்கள் எப்படி முடுக்கப்படுகின்றன என்று காட்டி 1965இல் நோபல் பரிசு பெறக் காரணமாக இருந்த நொதி அது. பெரிய மீன்: 1,023 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு சங்கிலிகள் சேர்ந்த உருவம். இரையாக, காலக்டோஸ் போலவே இருந்தும் வெட்ட முடியாத ஒரு கந்தகச் சேர்மத்தை எடுத்தார்கள். இரையை மணியோடு ஒட்டினாற்போலக் கட்டியபோது மீன் கடிக்கவில்லை. அவ்வளவு பெரிய வாய்க்கு அங்கே இடமில்லை. தூண்டிலின் தங்கூஸ் நூலை நீட்டினார்கள், அதாவது இரைக்கும் மணிக்கும் நடுவே நீண்ட கார்பன் கை ஒன்றை வைத்தார்கள். மீன் மாட்டியது. மற்றதெல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகு, காரத்தன்மை (pH) பத்துக்கு ஏறிய போரேட் கரைசலை ஊற்றியதும் நொதி பிடியை விட்டு இறங்கி வந்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரையும் காலக்டோஸ் சாயல், தூண்டில் கம்பும் காலக்டோஸ். காலக்டோஸை வெட்டுகிற நொதியைக் காலக்டோஸால் ஆன மணிகளுக்கு நடுவே விட்டுப் பிடிக்கிறார்கள். அது கம்பைத் தொடுவதில்லை. ஆமணக்கு விதையின் ரிசினுக்கு அந்த நாசூக்கு கிடையாது. காலக்டோஸைக் கண்டால் பற்றிக்கொள்ளும் நச்சுப் புரதம் அது. இரையே வேண்டாம், வெறும் அகரோஸ் மணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற காலக்டோஸ் கரைசல் ஊற்ற வேண்டும்.

என் தட்டைப்பயறு நொதியும் மாட்டியது. அரைக் கிலோ பயறில் தொடங்கி, கடைசியில் ஒரு சின்னக் குழாயின் அடியில் நிறமில்லாத துளி. அட்டவணையின் கடைசி வரி.

அந்தச் சீசாவின் அகரோஸ் பாம்பன் பாசியிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பல நாட்டுக் கரைகளின் பாசி அந்தச் சந்தைக்குப் போகிறது. ஆனால் பாசி, அகர், கிருமி வளர்க்கும் ரகம், அகரோஸ், இரை கட்டிய மணி என்று ஒவ்வொரு படியிலும் எடை குறைய விலை ஏறும் அந்த ஏணியில், எடைக்குக் கூலி வாங்குபவர்கள் கீழ்ப்படியில் இருப்பவர்கள் மட்டும்தான்.

கரையும் மாறிவிட்டது. 1986இல் மண்டபத்திலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆயின. அம்மா பாசி எடுத்த பார்கள் அதற்குள் போயின. 2000க்குப் பிறகு மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, 45 நாளில் அறுக்கும் கப்பாஃபைகஸ் வந்தது. ஆரம்பத்தில் குளிர்பானக் கம்பெனி வாங்கியதால் ஊரில் அதற்குப் ‘பெப்சிப் பாசி’ என்று பெயர். அதிலிருந்து வரும் கேரஜீனனும் காலக்டோஸ் சங்கிலிதான், கந்தகம் ஏறியது. 2008இல் குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2023இல் எங்கள் மாவட்டத்தின் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டுக்காகவும், உரிமைக்காகப் பேசியதற்காகவும். பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்தபோது அம்மா உயிரோடு இல்லை.

அம்மா என் ஆய்வகத்துக்கு ஒரே ஒருமுறை வந்திருக்கிறாள், கண் ஆபரேஷனுக்கு மதுரை வந்த சமயம். தூணைக் காட்டினேன், மஞ்சள் அடிப்பதைக் காட்டினேன். சீசாவைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

“இதுவா பாசி?”

“ஆமாம்மா. காய்ச்சி, வடிச்சு, திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணினது.”

“எத்தன கிலோவுக்கு இம்புட்டு நிக்கும்?”

விலையைச் சொன்னேன், எடையைச் சொல்லத் தெரியவில்லை. அவள் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மரிக்கொழுந்தா, கஞ்சியா?”

லேபிளைப் படித்தேன். நான்கு சதவீதம் என்று இருந்தது. மணியின் அளவு, கெடாமலிருக்கச் சேர்த்த அசைடு, உறையவைக்காதே என்ற எச்சரிக்கை எல்லாம் இருந்தன. எந்தப் பாசி, எந்தக் கரை என்று இல்லை.

“தெரியலைம்மா.”

“அதக் கேக்காமயா இம்புட்டுத் துட்டு குடுத்து வாங்குனீக?” என்றாள்.